கட்டுவிரியன் சட்டை போட்ட பாம்பு

இரவு பத்தே முக்காலுக்கு என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பழைய ஓட்டு வீடு. சமையலறைச் சுவரில், ஊறுகாய் ஜாடிகள் வைத்த பலகைக்கு மேலே, பழுப்பு உடம்பில் வெள்ளை வளையங்களோடு ஒன்றரை அடி நீளத்தில் ஒரு பாம்பு. கீழே ஒரு வரி: “அண்ணே, கட்டுவிரியன் ஏறியிருக்கு. அடிச்சிடலாமா?”

“அடிக்காதீங்க. எல்லாரும் வெளியில வந்துடுங்க. ஒருத்தர் மட்டும் தூரத்துல நின்னு அது எங்க போவுதுன்னு பாத்துக்கிட்டே இருங்க. வர்றேன்.”

போய்ப் பார்த்தால் ஓநாய்ப் பாம்பு. பல்லி தேடி ஏறியிருந்தது. பிடித்துப் பையில் போட்டுக் கட்டியதும், திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி “பூச்சி போயிடுச்சா?” என்று மட்டும் கேட்டார். ராத்திரியில் பாம்பைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. இதற்கு விஷம் கிடையாது, பல்லியைத் தின்னத்தான் வீட்டுக்குள் வருகிறது என்று தெருவே கேட்கும்படி விளக்கிவிட்டு வந்தேன். அங்கேதான் தவறு செய்தேன்.

மூன்று வாரம் கழித்து அதே தெருவிலிருந்து இன்னொரு படம். “அண்ணே, அன்னைக்குப் பக்கத்து வீட்டுல புடிச்சீங்களே, அதே பாம்புதான். விஷமில்லாததுதானே, நாங்களே முறத்துல தள்ளி வெளியில விட்டுடுறோம்.” படத்தைப் பெரிதாக்கினேன். குளியலறைத் தரை. எண்ணெய் பூசியது போலப் பளபளக்கும் கறுப்பு உடம்பு. வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக, நடு உடம்பிலிருந்து வால் வரை. பதில் எழுத நேரமில்லை. போன் போட்டுக் கத்தினேன். இந்த முறை வந்திருந்தது அசல் கட்டுவிரியன்.

அந்த இரண்டாவது படத்துக்காகத்தான் இந்த வாரப் பத்தி. பாம்புகளின் வேஷத்தைப் பற்றி விவரமாகச் சொல்லுங்கள், எது விஷப் பாம்பு, எது போலி என்று ஒரு பட்டியல் கொடுங்கள் என்று பலர் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யக் கூடாது என்பதையும் கூடவே சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்று. பாம்பு வேஷம் கட்டுவது நமக்காக அல்ல. கழுகு, ஆந்தை, கீரி, தன்னைவிடப் பெரிய இன்னொரு பாம்பு, இவர்கள்தான் அதன் பார்வையாளர்கள். ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1848 முதல் 1859 வரை அமேசான் காடுகளில் பூச்சி சேகரித்தார். பறவைகள் வாயில் வைக்க விரும்பாத பட்டாம்பூச்சிகளின் சிறகுச் சாயலை, ருசியான வேறு பட்டாம்பூச்சிகள் அப்படியே கொண்டிருப்பதைக் கவனித்தார். 1862-ல் அதை எழுதி வெளியிட்டார். வலுவில்லாதது வலுவுள்ளதன் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதற்குக் கிடைக்கிற பயத்தில் பிழைத்துக்கொள்கிறது. ஓநாய்ப் பாம்பு கட்டுவிரியனைப் போல இருப்பதற்கும் இதுதான் விளக்கம் என்று பலரும் சொல்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை உண்டு. அந்த வட்டாரத்தில் அசலும் போதிய அளவில் நடமாட வேண்டும். கோடு போட்ட பாம்பைத் தொட்டவர்கள் அவ்வப்போது அடிபட்டுக்கொண்டே இருந்தால்தான் போலிக்கு மரியாதை. போலிகள் அளவுக்கு மீறிப் பெருகினால், “கோடு போட்டதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது” என்று வேட்டையாடுபவன் கற்றுக்கொண்டுவிடுவான்.

அந்தத் தவறான பாடத்தை நம் நகரவாசிகள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தமிழர் தெருக்களிலும் சரி, அந்தப் பக்கம் வெள்ளை நகரத்திலும் சரி, சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த பழஞ்சுவர்கள் நிறைய. விரிசலெல்லாம் பல்லி. பல்லி இருக்கும் இடத்தில் ஓநாய்ப் பாம்பு. ஆகவே வீட்டுக்குள் அகப்படும் கோடு போட்ட பாம்புகளில் போலிதான் அதிகம் கண்ணில் படுகிறது. பத்து முறை போலியைப் பார்த்தவர் பதினோராவது முறை முறத்தை எடுக்கிறார்.

இது படிக்காதவர்கள் செய்யும் பிழை என்று நினைக்க வேண்டாம். ஜோசப் ஸ்லோவின்ஸ்கி அமெரிக்காவின் கலிபோர்னியா அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பாம்பியல் ஆய்வாளர். மியான்மரின் பாம்புகளை அவரளவுக்கு அறிந்தவர்கள் அன்று மிகக் குறைவு. அந்த நாட்டிலிருந்து ஒரு புதிய நாகப்பாம்பு இனத்தையே சக ஆய்வாளரோடு சேர்ந்து 2000-ல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர். 2001 செப்டம்பர் 11 காலை, வடக்கு மியான்மரின் காட்டுக் கிராமம் ஒன்றில், உதவியாளர் பிடித்து வைத்திருந்த சிறு பாம்பு அடங்கிய பைக்குள் கையை விட்டார். கோடு போட்ட பாம்பு. விஷமில்லாத போலி என்றுதான் பிடித்தவர் நினைத்திருந்தார். அது கட்டுவிரியன் வகையின் குட்டி. கடித்த இடத்தில் வலிகூடப் பெரிதாக இல்லை. சில மணி நேரத்தில் மூச்சுத் தசைகள் செயலிழந்தன. உடனிருந்தவர்கள் மாறி மாறி வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார்கள். வானிலை மோசமானதால் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. மறுநாள் இறந்தார். வயது 38.

எது என்று அவர்கள் நினைத்தார்களோ அந்தப் போலி, முத்தியால்பேட்டைச் சமையலறையில் பல்லி தேடிய நம் ஓநாய்ப் பாம்புக்கு நெருங்கிய உறவு. இன்றைய வகைப்பாட்டில் இரண்டும் ஒரே பேரினம்.

கோட்டைப் பார்த்து எண்ணாதீர்கள்

சரி, வித்தியாசம் என்ன? கட்டுவிரியனின் கறுப்பில் ஒரு நீலச் சாயை இருக்கும், பளபளப்பு இருக்கும். வெள்ளைக் கோடுகள் மெல்லியவை, பெரும்பாலும் இணையிணையாக வரும். வளர்ந்த பாம்பில் கழுத்துப் பக்கம் கோடு மங்கியோ, வெறும் புள்ளியாகவோ, இல்லாமலோ இருக்கும். வாலை நோக்கிப் போகப் போகத் தெளியும். ஓநாய்ப் பாம்பில் இது தலைகீழ். கழுத்திலேயே பட்டையான வளையத்தோடு தொடங்கி வாலை நோக்கி மங்கிக்கொண்டே போகும். உடம்பு பழுப்பு. தலை தட்டை. செங்குத்தான சுவரில் தாராளமாக ஏறும். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையில் திரிவது. கட்டுவிரியனின் முதுகெலும்பு நெடுக அறுகோணச் செதில் வரிசை ஒன்று மற்றவற்றைவிடப் பெரிதாக ஓடும். வல்லுநர்கள் உறுதி செய்வது அதை வைத்துத்தான்.

இப்போது இதையெல்லாம் நான் எப்படிக் கெடுக்கிறேன் பாருங்கள். கட்டுவிரியன் குட்டிக்குக் கோடுகள் முன்பக்கத்திலிருந்தே தெளிவாக இருக்கும். கோடே இல்லாத கட்டுவிரியனும் உண்டு, கோடே தெரியாத ஓநாய்ப் பாம்பும் உண்டு. சட்டை உரிக்கும் நாட்களில் எல்லாப் பாம்பும் மங்கலாகி, பளபளப்பு என்ற அடையாளமே போய்விடும். அறுகோணச் செதிலைப் பார்க்கும் தூரத்தில் நீங்கள் இருந்தால், அது உங்களைக் கடிக்கும் தூரத்திலும் இருக்கிறீர்கள். மின்சாரம் போன இரவில், கைபேசி வெளிச்சத்தில், குழந்தை அழுதுகொண்டிருக்கையில் எதைத்தான் எண்ணுவது? ‘பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை, பாம்பு என்று தாண்டவும் முடியவில்லை’ என்பார்களே, அந்த நிலைமைதான்.

என் கட்சி இதுதான்: அடையாளம் காண்பது பாம்பைப் பிடிப்பவனின் வேலை. வீட்டுக்காரரின் வேலை விலகி நிற்பது. தெரிந்த பாம்பானாலும் தெரியாத பாம்பானாலும் உங்கள் நடவடிக்கை ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு பாம்புக்கு இரண்டு ஆள் நீளம் இடம் விடுங்கள், கண்ணை எடுக்காதீர்கள், குழந்தைகளையும் நாயையும் அப்புறப்படுத்துங்கள், வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்பவருக்கோ சொல்லுங்கள். அடிக்கப் போகிறவர்தான் பாம்புக்கு மிக அருகில் போகிறார். தவிர, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம்மூர்ப் பாம்புகளுக்கும் பொருந்தும்.

விஷப் பாம்பை மற்றதிலிருந்து பிரித்தறிய வேண்டும் என்ற தவிப்பு இந்தக் கரைக்குப் புதிதல்ல. பாட்ரிக் ரஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்திய கம்பெனிக்காக விசாகப்பட்டினத்தில் வேலை பார்த்தபோது, சோழமண்டலக் கரைப் பாம்புகளைச் சேகரித்து, வரைந்து, வண்ணப் படங்களோடு 1796-ல் நூலாக்கினார். சாதாரண மக்கள் எது ஆபத்தானது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. கண்ணாடி விரியனுக்கு இன்று உலகம் முழுக்க அவர் பெயர்தான். இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் வாட்ஸ்அப்பில் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சருகு

போலியைவிட நான் அதிகம் பயப்படுவது ஒளிந்திருப்பதைத்தான். கண்ணாடி விரியனின் முதுகில் மூன்று வரிசை நீள்வட்டப் பொட்டுகள், ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு. வெறும் சிமென்ட் தரையில் அதைப் போல எடுப்பான பாம்பு இல்லை. அதே பாம்பு மாமர நிழலில் காய்ந்த சருகின் மேல் சுருண்டு கிடந்தால், பொட்டுகள் உடம்பின் ஓரக்கோட்டை உடைத்துத் துண்டு துண்டாக்கிவிடும். நம் கண் பொருளைக் கண்டுபிடிப்பது அதன் ஓரத்தை வைத்து. ஓரம் சிதறினால் அங்கே பாம்பில்லை, சருகுதான் இருக்கிறது. போர்க்கப்பல்களுக்கும் ராணுவச் சீருடைக்கும் பூசும் திட்டுத்திட்டான நிறங்களும் இந்தத் தந்திரத்தின் வாரிசுகள்தான்.

இதில் நமக்கு விபரீதமான பகுதி ஒன்று உண்டு. தன் வேஷத்தை நம்புகிற பாம்பு ஓடாது. சாரை உங்கள் காலடி அதிர்வு கேட்டாலே பறக்கும். கண்ணாடி விரியன் அசையாமல் கிடக்கும், கடைசி நொடி வரை. சில சமயம் குக்கர் போலச் சீறி எச்சரிக்கும், எச்சரிக்காமலும் போகலாம். அதனால்தான் அதன் கடி பெரும்பாலும் காலில், கணுக்காலுக்குக் கீழே அல்லது சற்று மேலே. தோட்டத்தில் செருப்பில்லாமல் நடந்து சருகு பெருக்குகிற கையும் காலும்தான் அதற்கு அகப்படுகின்றன. சருகைக் கையால் அள்ளாதீர்கள். நீளக் கைப்பிடி உள்ள வாரியால் இழுத்து, மூடிய காலணியோடு வேலை செய்யுங்கள். பூந்தொட்டிகளுக்குப் பின்னால், அடுக்கிய செங்கல்லில், தென்னை மட்டைக் குவியலில் கையை விடுமுன் ஒரு குச்சியால் தட்டுங்கள். மூடிக்கிடக்கும் பஞ்சாலை வளாகங்களை ஒட்டியும், வீடு கட்டாமல் புதர் மண்டிய மனைகளை ஒட்டியும் குடியிருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள். எலி அங்கே வளர்கிறது, எலியைத் தேடுவது அங்கே தங்குகிறது.

மண்ணுளிப் பாம்புக்கும் கிட்டத்தட்ட இதே திட்டுத்திட்டான முதுகு. விரியனைப் பார்த்துக் காப்பியடித்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது முழுக்க ஒப்பில்லை. இரண்டும் ஒரே மாதிரித் தரையில் அசையாமல் கிடப்பவை. ஒரே சருகு ஒரே துணியைத் தைத்துக் கொடுத்திருக்கலாம். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றே. மண்ணுளியை விரியன் என்று அடித்துக் கொல்கிறார்கள். விரியனை மண்ணுளி என்றோ மலைப்பாம்புக் குட்டி என்றோ கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது பிழைக்குத் திருத்தம் மருத்துவமனையில்தான். மண்ணுளிக்கு வால் குட்டையாக, மொண்ணையாக முடியும். தலை கழுத்திலிருந்து பிரிந்து தெரியாது. விரியனுக்குத் தலை முக்கோணம், கழுத்து ஒடுங்கும், பொட்டுகள் சங்கிலி கோத்தது போல ஒழுங்காக இருக்கும். தெரிந்துகொள்ளுங்கள். தூக்காதீர்கள்.

மண்ணுளியின் சிவந்த உறவினர் ஒன்றுண்டு; இருதலை மணியன் என்பது அதைத்தான். அதன் வால் நுனி தலையைப் போலவே மழுங்கி இருக்கும். பயந்தால் தலையை உடம்புக்கடியில் புதைத்துக்கொண்டு வாலைத் தலை போல நீட்டும். எதிரி வாலைக் கொத்தட்டும், தலை பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு. இந்த நல்ல வேஷம் மனிதரிடம் அதற்கு வினையாகிவிட்டது. இரண்டு தலை, அதிர்ஷ்டம், கோடிக்கணக்கில் விலை என்று கதை கட்டி அதைக் கடத்துகிறார்கள். யாராவது உங்களிடம் விலை பேசினால் அவர் உங்களை ஏமாற்றுகிறார் அல்லது சிறைக்கு அழைத்துப் போகிறார். பெரும்பாலும் இரண்டும்.

சுருட்டை விரியன் செம்மண் மேட்டிலும் கல் குவியலிலும் ஒளிவது. அதன் சாயலில் பூனைக்கண் பாம்பு. இரண்டுக்கும் செங்குத்துக் கண்மணி. உடம்பைச் சுருட்டிக்கொண்டு, செதிலோடு செதில் உரசி ரம்பம் அறுப்பது போல ஒலியெழுப்புவது சுருட்டை. பூனைக்கண் பாம்பு வாலை நடுக்கி ஆட்டும், அதன் உடம்பு மெலிந்து நீண்டிருக்கும். சுருட்டை குட்டையானது, ஒன்றரை அடி இருந்தாலே பெரிது. ‘சின்னப் பாம்புதானே’ என்ற அலட்சியத்துக்கு இதைவிட மோசமான ஆள் கிடையாது.

மழைக்காலத்துக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழையில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்ப் பக்கம் தண்ணீர் தேங்குவது ஆண்டுதோறும் நடப்பது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. படகு விட வேண்டியிருந்தது. தண்ணீரோடு வீட்டுக்குள் வருவதில் முக்கால்வாசி நீர்க்கோலி, அதாவது தண்ணீர்ப் பாம்பு. மூலையில் மடக்கினால் அது உடம்பின் முன்பகுதியைத் தூக்கிக் கழுத்தைத் தட்டையாக்கும். “நல்ல பாம்பு படமெடுக்குது” என்ற அலறல் அங்கிருந்துதான் வரும். கடிக்கவும் செய்யும், வெடுக்கென்று, ரத்தம் வர, விஷமில்லை. உடம்பில் சதுரங்கக் கட்டம் போல கறுப்புப் புள்ளிகளும், கண்ணிலிருந்து சாய்வாக இறங்கும் இரண்டு கறுப்புக் கோடுகளும் அதற்கு அடையாளம். ஆனால் வெள்ளத்தில் நல்ல பாம்பும் மேட்டைத் தேடி வரும். மேஜை மேல், மீட்டர் பெட்டிக்குள், நனைந்த துணி மூட்டையில் இருக்கும். தண்ணீர் வடிந்த மறுநாள் சாமான்களை எடுத்து வைக்கும்போதுதான் கவனம் தேவை. மூட்டையைக் கையால் பிரிக்காமல் ஒரு முனையைக் கம்பால் தூக்கிக் கவிழ்த்துப் பாருங்கள்.

சாரையும் கழுத்தை உப்பிக்கொண்டு உறுமி, பெரிய ஆள் போலக் காட்டும். கூடவே ஒரு பழைய நம்பிக்கையையும் இங்கே தீர்த்துவிடுகிறேன்: சாரையும் நல்ல பாம்பும் பிணைவதில்லை. முறுக்கிக்கொண்டு எழும்பி விழுவது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம்.

காகிதப்பூக் கொடியும் சுவரேறிய முல்லையும் உள்ள தெருக்களில் பச்சைப் பாம்பு இருக்கும். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காற்றில் கொடி அசையும்போது தானும் அதே தாளத்தில் அசையும். சீண்டினால் உடம்பை விரித்து, செதில்களுக்கிடையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் காட்டும். கண்ணைக் கொத்தும் என்பது கட்டுக்கதை. அதன் லேசான விஷம் ஓணானுக்குத்தான் எமன். கொடியைக் கத்தரிக்கும்போது முகத்தைக் கிளையோடு ஒட்டி வைக்காதீர்கள், அவ்வளவே. கொம்பேறி மூக்கனைப் பற்றி இன்னும் குறைவாகச் சொன்னால் போதும்: காய்ந்த கிளை போன்ற முதுகு, விஷமில்லை, சுடுகாட்டுப் புகையைப் பார்க்கப் போவதும் இல்லை.

வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேறு கணக்கு. வலையில் வரும் பாம்புகளில் துடுப்பு போலத் தட்டையான வால் உள்ளவை எல்லாம் கடற்பாம்பு, எல்லாமே விஷமுள்ளவை என்று எடுத்துக்கொள்வது நல்லது. வெப்பக் கடல்களில் கடற்பாம்பின் வளையத்தைப் போட்டுக்கொண்ட விலாங்கு வகைகூட உண்டு. வலையிலிருந்து கையால் பிரிக்காதீர்கள். நம் மருத்துவமனைகளில் கிடைக்கும் விஷமுறி மருந்து கடற்பாம்புக்கானது அல்ல.

வேஷத்தின் லாபம் யாருக்கு?

ஓநாய்ப் பாம்பின் வேஷத்தால் பிழைப்பது அது மட்டுமல்ல. முன்பல் நீண்ட அந்தப் பாம்பு சட்டென்று கடிக்கும், ரத்தம் துளிர்க்கும். கடிபட்டவர் கட்டுவிரியன் என்று நம்பி மந்திரிப்பவரிடம் ஓடுவார். வேப்பிலை அடித்து, பச்சிலை அரைத்துக் கொடுத்து, விஷக்கல்லை ஒட்டவைத்ததும் ஆள் எழுந்து நடப்பார். நடக்காமல் என்ன, விஷமே ஏறவில்லையே! இப்படிப் பத்துப் பேரைக் ‘காப்பாற்றிய’ புகழோடு மந்திரிப்பவர் பதினோராவது ஆளுக்காகக் காத்திருக்கிறார். அசல் கட்டுவிரியன் கடித்த ஆள். அவருக்கு அங்கே செலவாகும் ஒரு மணி நேரம்தான் உயிர். விஷப் பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷத்தைச் செலுத்தாமல் விட்டுவிடுவதுண்டு. அந்தப் பெருமையும் அவர் கணக்கில்தான் சேர்கிறது.

மருத்துவமனையில் கேட்கும் முதல் கேள்வி “எந்தப் பாம்பு?” என்பதாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பலர் பாம்பை அடித்து எடுத்துப் போகிறார்கள். தேவையில்லை. இந்தியாவில் தரப்படும் விஷமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்த ஒரே மருந்து. அதற்கான விஷத்தைப் பெருமளவு எடுத்துக் கொடுப்பவர்கள் நம் அண்டை வீட்டுக்காரர்கள்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டியதும் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மருத்துவர் உங்கள் ரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று ஒரு கண்ணாடிக் குழாயில் பார்ப்பார். இமை தொங்குகிறதா, விழுங்க முடிகிறதா, மூச்சு எப்படி என்று பார்ப்பார். பாம்பின் சட்டை நிறத்தைவிட உங்கள் உடம்பே தெளிவாகச் சொல்லிவிடும். விரைவாக எடுத்த ஒரு படம் இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் திரும்பிப் போய் எடுக்க வேண்டாம்.

கட்டுவிரியன் விஷயத்தில் மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. அது இரவில், தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். பல் சிறியது, வலியும் வீக்கமும் இல்லாமல் போகலாம், தடமே தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலி, வாந்தி, இமை கனத்து விழுதல், பேச்சு குழறுதல் இவற்றோடு யாராவது எழுந்தால், அஜீரணம் என்று ஓம வாட்டர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். இரண்டு புள்ளித் தடத்தைத் தேடிக்கொண்டும் நிற்காதீர்கள். நேராக மருத்துவமனை.

கடி என்று தெரிந்தால்: மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கைகாலை அசையாமல் பலகையோ மடித்த செய்தித்தாளோ வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாதீர்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது வேண்டவே வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சி அது. நகருக்குள் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. இவ்வளவு அருகில் இவை இருக்கும் ஊரில் பாம்புக்கடிக்கு மந்திரிக்கப் போவது எனக்கு இன்றும் புரியாத ஒன்று. பாம்புக்கடிக்கான தேசியச் செயல்திட்டத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டபோது, 15400 என்ற உதவி எண்ணைச் சோதனை முறையில் கொண்டுவர அறிவித்த ஐந்து இடங்களில் புதுச்சேரியும் ஒன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் என்பது ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட மதிப்பீடு. அதில் பெரும்பகுதி கிராமங்களில், மருத்துவமனைக்கு வெளியே நேர்ந்தது.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது அதிகமில்லை. பூண்டு, ஃபினாயில், கார்பாலிக் ஆசிட் எதுவும் பாம்பை நிறுத்தாது. ஆசிட் உங்கள் குழந்தையின் காலைப் பொசுக்கும். கதவுக்கடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை அடியுங்கள். குளியலறை, வாசல் சாக்கடை வாய்களுக்குக் கம்பி வலை போடுங்கள். பழஞ்சுவர் விரிசலைச் சாந்து வைத்து அடையுங்கள்; பல்லியும் குறையும், பல்லியைத் தேடுவதும் குறையும். மீதச் சோற்றைக் கொல்லையில் கொட்டாதீர்கள், எலிக்கு விருந்து வைத்தால் பாம்புக்கும் அழைப்பு போகும். கட்டிலில் படுக்க முடிந்தால் படுங்கள். தரையில்தான் என்றால் கொசுவலையைக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கடியில் நான்கு பக்கமும் செருகிவிடுங்கள். கட்டுவிரியனிடமிருந்து காப்பதில் இதற்கு ஈடான மலிவான பொருள் வேறு இல்லை. இரவில் கொல்லைக்குப் போக டார்ச் எடுங்கள். வெளிச்சத்தை முன்னால் பத்தடி தூரத்துக்கு அல்ல, அடுத்த காலடி விழும் இடத்துக்கு அடியுங்கள்.

படம் அனுப்புபவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தூரத்தில் நின்று, கேமராவைப் பெரிதாக்கி, முழு உடம்பும் தெரிய எடுங்கள். தலையை மட்டும் எடுக்க முயலாதீர்கள். அளவு தெரிய, பக்கத்தில் ஏற்கெனவே கிடக்கும் செருப்போ செங்கல்லோ படத்தில் வந்தால் உதவியாக இருக்கும். அளவுக்காக என்று சொல்லிச் செருப்பை எடுத்துப் போய்ப் பாம்பின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும்.